கடலில் கொட்டும் வெந்நீரைக் குடிநீராக்கினால் என்ன?

மீஞ்சூர்வாசி

2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். அதை வரவேற்க மாலை, பூசணிக்காய் எல்லாம் நடந்தது.

எண்ணூர்ப் பக்கம் இருக்கும் வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் இரண்டு கட்டங்கள் சேர்த்து 1830 மெகாவாட். நிலக்கரியை எரித்து வரும் வெப்பத்தில் மின்சாரமாவது நூற்றுக்கு முப்பத்தைந்து, மிஞ்சினால் முப்பத்தெட்டு. புகைபோக்கியில் போவதைக் கழித்துவிட்டால் மீதியெல்லாம் கண்டென்சர் (டர்பைனைச் சுற்றிவிட்டு வரும் நீராவியைக் குளிர்வித்துத் தண்ணீராக்கும் கருவி) வழியாகக் கடல்தண்ணீரில் கலக்கிறது. முழு லோடில் ஓடும்போது 2000 மெகாவாட்டுக்குக் குறையாத வெப்பம். கொஞ்ச தூரத்திலேயே காட்டுப்பள்ளியில் 2010இலிருந்து தினம் 10 கோடி லிட்டர் ஆர்.ஓ. ஆலை (மெம்பரேன் என்ற சவ்வு வழியாகக் கடல்நீரை அழுத்தி உப்பைப் பிரிப்பது), காசு கொடுத்து மின்சாரம் வாங்கிக் கடல்நீரைக் குடிநீராக்குகிறது. ஒருத்தர் கொட்டுகிறார், பக்கத்து வீட்டுக்காரர் விலைக்கு வாங்குகிறார்.

இது புதுக் கற்பனையும் இல்லை. தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், பள்ளிக்கரணையில் இருக்கிறதே அதுதான், 2009இல் இதே அனல்மின் நிலையத்தின் வெந்நீரை வைத்துத் தினம் ஒன்றரை லட்சம் லிட்டர் நன்னீர் எடுத்துக் காட்டியது. பிறகு ஏன் அது நூறு மடங்காக வளரவில்லை? மெம்பரேன் விற்கிறவர்களுக்கு இதில் லாபமில்லை என்பதைத் தவிர வேறு காரணம் இருந்தால் சொல்லுங்கள்.


டர்பைன்தாத்தா

காரணம் இருக்கிறது தம்பி. அதன் பெயர் வெப்பநிலை. நான் பாய்லர், டர்பைன் என்றே தலை நரைத்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

2000 மெகாவாட் என்பது சரி. ஆனால் அது எத்தனை டிகிரியில் இருக்கிறது? கடல்தண்ணீர் 30இல் உள்ளே போய் 38, 40இல் வெளியே வருகிறது. ஒரு குளம் நிறைய 40 டிகிரி வெந்நீர் இருந்தாலும் அதில் ஒரு இட்லி வேகாது. டர்பைன்காரன் நீராவியில் இருந்து கறக்க முடிந்ததையெல்லாம் கறந்த பிறகு விடுவதுதான் கண்டென்சருக்கு வருகிறது.

சரி, வெற்றிடத்தில் கொதிக்க வைக்கலாம் என்பீர்கள். அப்படித்தான் அந்த 2009 ஆலை செய்தது. அறையின் அழுத்தத்தை வளிமண்டலத்தில் பதினேழில் ஒரு பங்காகக் குறைத்தால் தண்ணீர் 36 டிகிரியிலேயே ஆவியாகும். 40இல் உள்ளே வந்து 36இல் வெளியே போகிறது. ஆயிரம் லிட்டருக்கு 4 டிகிரி என்றால் 4000 கிலோ கலோரி. ஒரு லிட்டரை ஆவியாக்க ஏறக்குறைய 580. வகுத்துப் பாருங்கள்: ஆயிரம் லிட்டர் வெந்நீர் ஓடினால் ஏழு லிட்டர் கூடத் தேறாது.

இப்போது உங்கள் 2000 மெகாவாட்டுக்கு வருகிறேன். ஒரு துளி வெப்பத்தையும் விடாமல் முழுவதையும் ஆவியாக்கவே பயன்படுத்தினோம் என்றே வைப்போம். ஒரு நாளைக்குக் கிடைப்பது 7 கோடி லிட்டர். நடைமுறையில் பாதி கூட வராது, ஏனென்றால் ஆவியைத் திரும்பத் தண்ணீராக்கவும் கொஞ்சம் டிகிரி வித்தியாசம் மிச்சம் வைக்க வேண்டும். காட்டுப்பள்ளி ஆலை 10 கோடி லிட்டரை எடுப்பது எவ்வளவு மின்சாரத்தில் தெரியுமா? ஆயிரம் லிட்டருக்கு 4 யூனிட் என்று வைத்தால் 17 மெகாவாட்.

2000 மெகாவாட் வெந்நீர் ஒரு பக்கம், 17 மெகாவாட் மின்சாரம் ஒரு பக்கம். பின்னதுதான் அதிகத் தண்ணீர் தருகிறது. இதில் மெம்பரேன் விற்பவரின் சதி எங்கே வருகிறது?


மீஞ்சூர்வாசி

ஐயா, கணக்குக்கு நன்றி. ஆனால் பாதி என்று நீங்களே சொல்கிற 3 கோடி லிட்டர், ஜோலார்பேட்டை ரயில் பன்னிரண்டு நடைக்குச் சமம். அந்த வெப்பத்துக்கு யாரும் பில் போடுவதில்லை. இலவசமாக வருவதை "கொஞ்சம்தான்" என்று ஒதுக்குவது எந்த ஊர் நியாயம்?


டர்பைன்தாத்தா

வெப்பம் இலவசம். பம்ப் இலவசமா?

ஆயிரம் லிட்டர் நன்னீருக்கு 150 டன் வெந்நீர் ஓட வேண்டும் (மேலே உள்ள கணக்குதான்). ஆவியைக் குளிர்விக்க இன்னொரு 150 டன் குளிர்ந்த கடல்நீர். ஆக 300 டன். ஒவ்வொன்றையும் குழாய் உராய்வு, அறையின் உயரம் எல்லாம் சேர்த்து வெறும் 5 மீட்டர் தூக்குவதாக வைத்தாலும், பம்பின் திறனைக் கழித்தால் 5½ யூனிட் ஆகிறது. வேக்குவம் பம்ப் தனி. ஆர்.ஓ.வுக்கு மொத்தமே 3½லிருந்து 4.


அலையாத்தி

தாத்தா, 300 டன் என்பது கொஞ்சம் ஏமாற்று வேலை. வெந்நீர்ப் பக்கத்து 150 டன்னை அனல்மின் நிலையம் தன் தேவைக்கு ஏற்கெனவே பம்ப் செய்துவிட்டது. குளிர்நீர்ப் பக்கம் மட்டும்தானே புதுச் செலவு?


டர்பைன்தாத்தா

ஏமாற்று வேலை என்று சொல்லாதேம்மா, கிழவனுக்குக் கோபம் வரும்.

நிலையத்தின் பம்ப், கண்டென்சரைத் தாண்டித் தண்ணீரை வாய்க்காலில் தள்ளும் அளவுக்கே கணக்குப் பண்ணி வைத்தது. நடுவில் ஒரு வெற்றிட அறையை வைத்தால் அதன் உராய்வுக்குக் கூடுதல் அழுத்தம் தேவை. உன் பேச்சுக்கே வந்து குளிர்நீர்ப் பக்கத்தை மட்டும் எடுத்தாலும் 2¾ யூனிட், வேக்குவம் பம்ப், நன்னீர் பம்ப் எல்லாம் சேர்த்தால் ஆர்.ஓ.வுக்குச் சமம். சமமான மின்சாரத்துக்கு, பல மடங்கு பெரிய இரும்புப் பாத்திரமும் குழாயும் கட்ட வேண்டும். எந்த நிதித்துறைச் செயலாளர் கையெழுத்துப் போடுவார்?


சலீம்_வளைகுடா

எல்லாருக்கும் ஸலாம். ராமநாதபுரத்துக்காரன், இங்கே ஒரு மின்-நீர் நிலையத்தில் ஷிஃப்ட் பார்க்கிறேன். கம்பெனி பேர் வேண்டாம்.

உலகத்திலேயே இதைப் பெரிய அளவில் செய்தவர்கள் நாங்கள்தான், அதனால் ரெண்டு வார்த்தை. எங்களுடையது எம்.எஸ்.எஃப், அதாவது சூடான உப்புநீரை ஒவ்வொரு அறையாகக் குறைந்த அழுத்தத்துக்கு விட்டு ஆவியாக்குவது. உப்புநீரைச் சூடாக்கும் பிரைன் ஹீட்டரில் 110 டிகிரி வரை ஏற்றுகிறோம். இதற்கு 40 டிகிரி வெந்நீர் ஒன்றுக்கும் ஆகாது. டர்பைனின் நடுவிலிருந்தோ கடைசியிலிருந்தோ உருப்படியான நீராவி வேண்டும். அந்த நீராவி இன்னும் கொஞ்சம் மின்சாரம் தந்திருக்கும், அதை விட்டுக்கொடுத்துத்தான் தண்ணீர் எடுக்கிறோம். வெளியே இருந்து பார்க்கிறவர்கள் "வேஸ்ட் ஹீட்" என்று சொல்வார்கள், கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்தால் நீராவி வால்வைத் திறக்கத் திறக்க மெகாவாட் இறங்குவது கண்ணெதிரே தெரியும்.

பராமரிப்பும் சும்மா இல்லை. குழாய்க்குள் உப்புப் படியாமல் இருக்கச் சின்னச் சின்ன ஸ்பாஞ்சுப் பந்துகளைத் தண்ணீரோடு ஓடவிடுவோம், அது உள்ளே தேய்த்துக்கொண்டே போய் மறுமுனையில் வலையில் சிக்கும். தேய்ந்த பந்தைப் பொறுக்கி எடுத்துவிட்டுப் புதுசு போடுவது எங்கள் வேலைகளில் ஒன்று. ஒரு பந்து குழாயின் உள்விட்டத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் தேய்க்காமல் சும்மா மிதந்து போகும்.

பெரிய சிக்கல் வேறு. குளிர்காலத்தில் ஏசி ஓடாது, மின்சாரத் தேவை பாதிக்குக் கீழே விழும். குடிதண்ணீர்த் தேவை விழாது. அப்போது தண்ணீருக்காகவே நீராவி, நீராவிக்காகவே கேஸ் எரிக்க வேண்டும். ரெண்டையும் ஒரே கயிற்றில் கட்டியதால் வந்த வினை. அதனால்தான் இப்போது அபுதாபியில் தவீலா, தினம் 90 கோடி லிட்டர், முழுக்க ஆர்.ஓ. துபாயும் ஹஸ்யானில் ஆர்.ஓ.வுக்குத்தான் போகிறது. பகலில் சோலார் மலிவு, அந்த நேரத்தில் பம்பை ஓட்டிக்கொள்ளலாம்.


மீஞ்சூர்வாசி

சலீம் பாய், சவூதியில் ராஸ் அல்-கைர் இன்னும் ஓடுகிறதே? தினம் 100 கோடி லிட்டருக்கு மேல். அதில் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாக எம்.எஸ்.எஃப்தான். அவ்வளவு பணம் உள்ளவர்கள் முட்டாள்களா?


சலீம்_வளைகுடா

இல்லை பாய். மீதி ஆர்.ஓ. என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், ரெண்டையும் கலந்து கட்டியிருக்கிறார்கள். எம்.எஸ்.எஃப்புக்கு ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்கவில்லை. 2008-09இல் இங்கே கடலில் செம்பாசி பெருகியது, தண்ணீரே கலங்கல் சிவப்பு. ஆர்.ஓ. ஆலைகள் வடிகட்டி அடைத்து வாரக்கணக்கில் மூடிக்கிடந்தன. எம்.எஸ்.எஃப் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை, எது வந்தாலும் கொதிக்க வைத்துவிடும். எங்கள் கடலில் உப்பும் அதிகம், லிட்டருக்கு 40 கிராமைத் தாண்டும். உப்பு கூடினால் ஆர்.ஓ.வுக்கு அழுத்தம் கூட வேண்டும், எங்களுக்கு அது கவலையில்லை. வங்காள விரிகுடாவில் உங்களுக்கு அந்த அளவு உப்பு இல்லை, ஐப்பசி கார்த்திகை மழையில் இன்னும் குறையும்.


மீஞ்சூர்வாசி

இதைத்தான் நான் எதிர்பார்த்தேன். செம்பாசி வேண்டாம், எங்கள் ஊரில் எண்ணெய் இருக்கிறது. 2017 ஜனவரியில் எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே ரெண்டு கப்பல் மோதி, கரையெல்லாம் தார் போல எண்ணெய். வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு மறுபடி எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய். மெம்பரேனில் எண்ணெய் பட்டால் என்ன ஆகும் என்று தாத்தா சொல்லட்டும்.


டர்பைன்தாத்தா

குப்பைத் தொட்டிக்குப் போகும். சந்தேகமே இல்லை. அதற்காக உள்ளே இழுப்பதை நிறுத்துவார்கள், முன்வடிகட்டலைக் கூட்டுவார்கள், சில நாள் ஆலை நிற்கும். அந்தச் சில நாளுக்குத் தேவையான தண்ணீரைச் சேமித்து வைக்கத் தொட்டி கட்டுவது, பல மடங்கு விலையில் வெற்றிட அறை கட்டுவதைவிட மலிவு. தவிர எண்ணெய் மிதக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் அதன் ஆவியாகும் பகுதியும் நன்னீரோடு வரும். உனக்கு பெட்ரோல் வாசனையோடு காபி வேண்டுமா?


மீஞ்சூர்வாசி

கிண்டல் இருக்கட்டும் ஐயா. கல்பாக்கத்துக்குப் பதில் சொல்லுங்கள். பாபா அணு ஆராய்ச்சி மையம் அங்கே அணுமின் நிலையத்தோடு இணைத்துத் தினம் 63 லட்சம் லிட்டர் ஆலை கட்டியிருக்கிறது. 45 லட்சம் எம்.எஸ்.எஃப், 18 லட்சம் ஆர்.ஓ. ஓடுகிறதா இல்லையா?


டர்பைன்தாத்தா

ஓடும். அதை நான் மதிக்கிறேன். ஆனால் அது நீ கேட்கிற விஷயம் இல்லை. அங்கே கண்டென்சர் வெந்நீரை எடுக்கவில்லை. உயர் அழுத்த டர்பைனைத் தாண்டி வரும் நீராவி, இன்னும் தாழ் அழுத்த டர்பைனைச் சுற்றப் போகிற நீராவி, அதைப் பிரித்து உப்புநீரை 121 டிகிரிக்கு ஏற்றுகிறார்கள். நடுவில் ஒரு தனிச் சுற்று வேறு, அணு உலைப் பக்கத்திலிருந்து எதுவும் குடிநீர்ப் பக்கம் கசிந்துவிடக் கூடாது என்பதற்காக. சலீம் தம்பி சொன்ன அதே வியாபாரம்: மெகாவாட்டைக் கொடுத்துத் தண்ணீர் வாங்குவது.

எவ்வளவு கொடுக்கிறோம்? ஒரு அறையின் ஆவிச் சூட்டிலேயே அடுத்த அறையில் ஆவியாக்கிக்கொண்டு போகும், குறைந்த சூட்டில் ஓடும் எம்.இ.டி. முறையையே எடுப்போம், 70 டிகிரி போதும். 40 டிகிரி வரை டர்பைனில் விரிந்திருக்க வேண்டிய நீராவியை 72 டிகிரியிலேயே நிறுத்தினால் கிலோவுக்கு ஏறக்குறைய 0.05 யூனிட் போச்சு. ஒரு கிலோ நீராவிக்கு ஒன்பது லிட்டர் நன்னீர் வரும் நல்ல ஆலை என்றால், ஆயிரம் லிட்டருக்கு 110 கிலோ நீராவி, 5½ யூனிட். பம்புக்கு ஒன்றரை. மொத்தம் 7. ஆர்.ஓ. 4.

இன்னொன்று கேள். கூடங்குளத்தில் ஒவ்வொரு உலையும் 2000 மெகாவாட் வெப்பத்தைக் கடலில் விடுகிறது. அந்த நிலையத்துக்கும் குடியிருப்புக்கும் நன்னீர் எப்படி எடுக்கிறார்கள்? மின்சாரத்தில் ஓடும் ஆவி அமுக்க ஆலையில், அதாவது ஆவியை அமுக்கிச் சூடேற்றி அந்தச் சூட்டிலேயே மேலும் உப்புநீரை ஆவியாக்குவதில். காலடியில் அவ்வளவு வெந்நீர் ஓடியும் அதைத் தொடவில்லை. அங்கே இருந்தவர்களுக்கும் கால்குலேட்டர் தெரியும்.


அலையாத்தி

கூடங்குளத்தை நல்ல உதாரணமாகக் காட்டுவதைப் பார்க்க நான் உயிரோடு இருந்திருக்க வேண்டாம்.


மட்டுறுத்துனர்

அணுமின் நிலையம் வேண்டுமா வேண்டாமா என்பதற்குத் தனி இழை இருக்கிறது. இங்கே தண்ணீர் மட்டும்.


அலையாத்தி

தண்ணீரையே பேசுகிறேன். எல்லாரும் யூனிட் கணக்கிலேயே நிற்கிறீர்கள். ஆர்.ஓ. ஆலை உள்ளே இழுப்பதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக நன்னீராக்கி, மீதியைக் கிட்டத்தட்ட 1.8 மடங்கு உப்போடு கடலில் விடுகிறது. அது கனமானது, அடியில் போய்ப் படியும். அதோடு அழுக்கைத் திரட்டப் போடும் ஃபெரிக் குளோரைடு, படிவுத் தடுப்பான், மெம்பரேன் கழுவிய தண்ணீர். இந்த வெந்நீர் முறையில் ஆயிரத்துக்கு ஏழு லிட்டர்தான் எடுக்கிறீர்கள். வெளியே போகும் நீரின் உப்பு கூடியதே தெரியாது. போகிற போக்கில் வெந்நீரும் 4 டிகிரி ஆறிவிடும். புதிய கரையோர நிலையங்களுக்கு 7 டிகிரிக்கு மேல் சூடு கூடக் கூடாது என்று விதி இருக்கிறது. அந்த விதிக்குள் வரவே இது உதவுமே?


டர்பைன்தாத்தா

உப்பு விஷயத்தில் நீ சொல்வதுடன் எனக்குச் சண்டையில்லை. சூடு விஷயத்தில் உண்டு. வெந்நீரில் இருந்து 4 டிகிரி எங்கே போனது? ஆவியோடு போனது. ஆவி எங்கே தண்ணீரானது? குளிர்ந்த கடல்நீர்க் குழாயைத் தொட்டு. அந்தக் குளிர்நீர் 4 டிகிரி ஏறி அதுவும் கடலுக்குத்தான் போகிறது. ஒரு வாய்க்காலில் 40 டிகிரி விட்டதற்குப் பதில் ரெண்டு வாய்க்காலில் 36, 34. கடலுக்குப் போகிற மொத்த வெப்பம் அப்படியேதான் இருக்கிறது.

அந்தக் குளிர்நீர் எங்கிருந்து வரும் என்றும் யோசி. ஆர்.ஓ.வுக்கு ஆயிரம் லிட்டர் நன்னீருக்கு ரெண்டேகால் டன் கடல்நீர் இழுத்தால் போதும். இதற்குப் புதிதாக 150 டன் இழுக்க வேண்டும். மீன் முட்டை, இறால் குஞ்சு எல்லாம் அந்த வலைக்குள்தானே வரும்? 150ஐ விட ரெண்டேகால் மேல் என்று நீதான் சொல்ல வேண்டும், நான் இல்லை.


அலையாத்தி

அதே காரணத்துக்காகத்தான் அனல்மின் நிலையங்கள் கடல்நீரை ஒரே ஓட்டமாக இழுத்து விடுவதையே எதிர்க்கிறோம். தண்ணீரை ஆறவைத்துத் திரும்பப் பயன்படுத்தும் கூலிங் டவர் கட்டச் சொல்லுங்கள், இழுப்பது பல மடங்கு குறையும். அப்போது உங்கள் வெந்நீரும் கிடையாது, இந்த இழையும் கிடையாது.


இறால்பாடு

வணக்கம். நான் படிச்சவன் இல்ல, பையன் டைப் பண்ணிக் குடுக்கறான். ஊர் பேரு வேணாம்.

சுடுதண்ணி வாய்க்கா வந்து சேர்ற கழிமுகத்துல நாங்க பாடு போட்டு இறால் புடிக்கறவங்க. பாடுன்னா முறை, இன்னைக்கு இந்த எடம் ஒனக்கு, நாளைக்கு எனக்கு. வாய்க்கா வாய்ப்பக்கம் முறை வந்தவன் மூஞ்சியப் பாத்தாலே தெரியும். வத்தத்துல, அதான் கடல் வடியறப்ப, எறங்கினா மொழங்கால் வரைக்கும் வெதவெதன்னு இருக்கும், கையால சேத்தத் தடவினா ஒண்ணும் ஆப்படாது. வெள்ளிறால் அந்தப் பக்கம் திரும்பறதே இல்ல. நண்டு கொஞ்சம் தாங்குது.

ஏழு டிகிரின்னு மேல அக்கா எழுதியிருக்காங்க. எந்த எடத்துல வச்சு அளக்கறாங்க? எப்ப அளக்கறாங்க? வத்தத்துலயா, கடல் ஏர்ற பெருக்கத்துலயா? பெருக்கத்துல வாய்க்கா வாயில நின்னு அளந்தா எல்லாம் நல்லாத்தான் இருக்கும்.


டர்பைன்தாத்தா

ஐயா, நல்ல கேள்வி. கண்டென்சருக்குள் போகும் இடத்திலும் வெளிவரும் இடத்திலும் நிலையத்தின் பதிவேட்டில் எப்போதும் இருக்கும். கழிமுகத்தில் எங்கே கலக்கிறதோ அங்கே, வற்றும்போதும் அளக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள்.


தூத்துக்குடி மரைனர்

அண்ணாச்சிமாரே, நான் கப்பல்ல இன்ஜினியர். இந்த இழையில் ஒருத்தரும் எங்களை நினைக்கவில்லை என்பது ஆச்சரியம். கழிவு வெப்பத்தில் தண்ணீர் எடுப்பது உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கப்பலில் தினமும் நடக்கிறது.

மெயின் இன்ஜின் ஜாக்கெட் தண்ணீர், அதாவது இன்ஜினைச் சுற்றி ஓடிக் குளிர்விக்கும் தண்ணீர், 80, 85 டிகிரியில் வரும். எப்படியும் அதைக் குளிர்வித்துத்தான் ஆக வேண்டும். அதைக் கடலுக்குக் கொடுக்கிறதுக்கு முன்னால் ஃப்ரெஷ் வாட்டர் ஜெனரேட்டர் வழியாக விடுவோம். உள்ளே டைட்டானியம் தகடுகள், நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வேக்குவம், கடல்தண்ணீர் 45 டிகிரியிலேயே கொதிக்கும். நாளைக்கு 20, 25 டன் வரும். உப்பை அளக்கும் சாலினோமீட்டர் 10 பி.பி.எம்மை (பத்து லட்சத்தில் பத்து பங்கு) தாண்டினால் அலாரம் அடிக்கும், சோலினாய்டு வால்வு தானாகத் திறந்து அந்தத் தண்ணீரைக் கப்பலின் அடிப்பகுதியான பில்ஜில் கொட்டிவிடும், டேங்குக்குப் போகாது. நடு ராத்திரி அந்த அலாரத்துக்கு எழுந்து போகாத ஜூனியர் இன்ஜினியர் கிடையாது.

தாத்தா சொல்வது போல எல்லாம் டிகிரியில்தான் இருக்கிறது. 85 டிகிரி கிடைத்தால் நூற்றுக்கு நூறு லாபம். 40க்கு நான் பொறுப்பில்லை. ஒரு எச்சரிக்கையும் சொல்கிறேன்: கரை பக்கம் வந்தால் ஜெனரேட்டரை நிறுத்திவிடுவோம். 45 டிகிரியில் கொதித்தால் கிருமி சாகாது. கரையோரத் தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கும். 36 டிகிரியில் ஆவியாக்குகிற ஆலையை எண்ணூரில் வைத்தால் குளோரின், யு.வி. எல்லாம் போட்டுத்தான் குடிக்க வேண்டும்.


மீஞ்சூர்வாசி

மரைனர் அண்ணாச்சி, அப்படியானால் லட்சத்தீவு? கவரத்தியில் 2005இலிருந்து அதே பள்ளிக்கரணை நிறுவனத்தின் ஆலை ஓடுகிறது. தினம் ஒரு லட்சம் லிட்டர். அகத்தி, மினிக்காயிலும் வந்துவிட்டது. அங்கே மேல்தண்ணீர் 28 டிகிரி, 350 மீட்டர் ஆழத்துத் தண்ணீர் 12 டிகிரி. வெந்நீரே இல்லாமல், மேல்தண்ணீரை வெற்றிடத்தில் ஆவியாக்கி ஆழத்துத் தண்ணீரால் குளிர்வித்துக் குடிநீர் கொடுக்கிறார்கள். தாத்தாவின் கணக்குப்படி அது ஓடவே கூடாதே!


தூத்துக்குடி மரைனர்

ஓடும், ஏனென்றால் வித்தியாசம் 15 டிகிரிக்கு மேல். உங்கள் எண்ணூரில் 8, 10. தீவில் நிலத்தடி நீர் என்பதே பவளப்பாறைக்கு நடுவில் மிதக்கிற ஒரு மெல்லிய நன்னீர் அடுக்கு, இறைத்தால் உப்பு ஏறிவிடும். வேறு வழியில்லாத இடத்தில் யூனிட் கணக்கு பார்க்க மாட்டார்கள்.

ஆனால் எனக்கு ஒரு ஆதங்கம். அந்தத் தீவுகளுக்கு மின்சாரம் பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டரில் இருந்து. அந்த ஜெனரேட்டரின் ஜாக்கெட் சூடு ரேடியேட்டரில் காற்றோடு போகிறது. கப்பலில் இருக்கிற அதே பெட்டியை அங்கே மாட்டினால் 1 மெகாவாட்டுக்கு ஏறக்குறைய 10 டன் தினமும் கிடைக்கும். இன்ஜின் பாதி லோடில் ஓடினால் குறையும், அது கப்பலிலும் உண்டு, மெதுவாகப் போகும்போது எங்களுக்குத் தண்ணீர் பஞ்சம்தான்.


டர்பைன்தாத்தா

இந்த இழையில் முதல் உருப்படியான யோசனை. உண்மையிலேயே தூக்கி எறியப்படும் வெப்பம், உண்மையிலேயே சூடானது. ஜாம்நகர் சுத்திகரிப்பு ஆலையில் எம்.இ.டி. வைத்திருப்பதும் இதே மாதிரி நியாயத்தில்தான், அங்கே தாழ் அழுத்த நீராவி மிஞ்சுகிறது. டர்பைனுக்குப் பின்னால் நிற்காதே, சூடு மிஞ்சுகிற இடத்தைத் தேடிப் போ.


மீஞ்சூர்வாசி

அப்படியானால் எண்ணூருக்கு உங்கள் பதில் "ஒன்றும் செய்யாதே" தானா?


டர்பைன்தாத்தா

இல்லை. ரெண்டு காரியம் செய்யலாம்.

முதலாவது, பாய்லருக்கு வேண்டிய தண்ணீர். 600 மெகாவாட் யூனிட்டில் மணிக்கு 1900 டன் அளவுக்கு நீராவி சுற்றுகிறது. அதில் நூற்றுக்கு ஒன்று இழப்பு என்றால் நாளைக்கு 450 டன், மொத்த நிலையத்துக்கு 15 லட்சம் லிட்டருக்குப் பக்கம். இதற்குச் சுத்தமோ சுத்தமான நீர் வேண்டும். ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்கு 300, 400 மில்லிகிராம் உப்பு இருக்கும், அதை இரண்டாம் முறை வடிகட்டி, மிச்ச உப்பைப் பிடிக்கும் ரெசினில் விட்டு, அமிலம், காரம் போட்டு ரெசினைக் கழுவி என்று ஒரு பெரிய வேலை. ஆவியாக்கிய நீரில் உப்பு பத்துக்குள்தான். அங்கே உன் வெந்நீர் ஆலை நிற்கட்டும், நகரத்துக்கு ஊட்ட வேண்டாம். 2009இல் எடுத்துக் காட்டியதைப் பத்து மடங்காக்கினால் போதும், நூறு மடங்கு வேண்டாம்.

இரண்டாவது, அலையாத்தி சொன்ன உப்புக்கு. அமெரிக்காவில் ஃப்ளோரிடாவின் தாம்பா விரிகுடாவில் ஆர்.ஓ. ஆலையை பிக் பெண்ட் மின் நிலையத்தோடு ஒட்டிக் கட்டியிருக்கிறார்கள். மின் நிலையத்தின் குளிர்நீரில் இருந்தே தினம் 16 கோடி லிட்டர் சொச்சம் எடுத்து, 9½ கோடி நன்னீராக்கி, மீதி உப்புநீரைத் திரும்ப அதே குளிர்நீரில் கலக்கிறார்கள். குளிர்நீர் 500 கோடி லிட்டருக்கு மேல் ஓடுவதால் உப்பு கூடியது தெரியாது. தனியாகக் கடலுக்குள் குழாய் போட வேண்டாம், புதிதாக மீன்குஞ்சை இழுக்கவும் வேண்டாம். வெப்பத்தை விட்டுவிடு, அந்த ஓடுகிற தண்ணீரைப் பயன்படுத்து.


சலீம்_வளைகுடா

சூடான தண்ணீரை ஆர்.ஓ.வுக்கு ஊட்டினால் அழுத்தமும் குறையுமே தாத்தா சார்?


டர்பைன்தாத்தா

குளிர்ந்த கடலில் குறையும், அங்கே அது வரம். நம் கடல் ஏற்கெனவே 30. இன்னும் 10 ஏற்றினால் மெம்பரேனின் எல்லையான 45க்குப் பக்கத்தில் போய் நிற்போம். உப்பும் போரானும் கூடுதலாகக் கசியும், பாசி பிடிக்கும். நம் ஊரில் கண்டென்சருக்கு முன்னால் எடுத்து, பின்னால் கலப்பதே சரி.


அலையாத்தி

தாம்பாவைச் சொன்ன கையோடு கலிபோர்னியாவையும் சொல்லியிருக்கலாம். கார்ல்ஸ்பாடில் 2015இல் இதே மாதிரி என்சினா மின் நிலையத்தை நம்பி ஆர்.ஓ. ஆலை திறந்தார்கள். மூன்றே வருஷத்தில், 2018இல், மின் நிலையத்தை மூடிவிட்டார்கள். குளிர்நீர் நின்றது. ஆலைக்காரர்கள் தங்களுக்கென்று கடல்நீரை இழுக்கத் தனி இழுவாய் கட்ட வேண்டி வந்தது. கஜகஸ்தானில் அக்தாவ் நகரத்துக்கு 1973இலிருந்து அணு உலை வெப்பத்தில் தண்ணீர், 1999இல் உலையை மூடியதும் வேறு வெப்பம் தேட வேண்டி வந்தது.

வடசென்னையின் 210 மெகாவாட் யூனிட்டுகள் 1994-96இல் வந்தவை. முப்பது வயது. குடிநீர் ஆலைக்கு 25 வருஷக் கணக்குப் போடுவீர்கள். நிலக்கரியை மூடச் சொல்லி ஒரு பக்கம் நாங்கள் கேட்டுக்கொண்டிருக்க, "இதை மூடினால் தண்ணீர் நின்றுவிடும்" என்று நாளைக்கு இன்னொரு பக்கம் பதில் வரும். எனக்கு அந்தக் கயிறு வேண்டாம்.


மீஞ்சூர்வாசி

அக்கா, நிலக்கரி மூடும் நாளுக்காகக் காத்திருந்தால் நாங்கள் மறுபடி ஜோலார்பேட்டை ரயிலுக்கும் காத்திருக்க வேண்டும். சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலைப் பேரூரில் தினம் 40 கோடி லிட்டர் ஆர்.ஓ. ஆலை வருகிறது. தாத்தாவின் கணக்கில் 67 மெகாவாட் இரவு பகலாக. அந்த 67ஐயும் இதே நிலக்கரிதான் கொடுக்கப்போகிறது. கயிறு எப்படியும் கட்டியாகிவிட்டது, நீளம்தான் வேறு.


சலீம்_வளைகுடா

கம்பி வழியாக வரும் 67ஐ நாளைக்குச் சோலாரிலிருந்தோ காற்றாலையிலிருந்தோ வாங்கலாம் பாய். நீராவிக் குழாயை அப்படி மாற்ற முடியாது. எங்கள் ஆட்கள் ரெண்டையும் பிரித்ததே அதற்குத்தான்.


இறால்பாடு

தாத்தா, ஒரு சந்தேகம். நீங்க சொன்ன அந்த தாம்பா மாதிரி இங்க செஞ்சா, உப்புத்தண்ணிய சுடுதண்ணி வாய்க்கால்ல கலப்பீங்க. அந்த வாய்க்கா கடலுக்குப் போவல, எங்க கழிமுகத்துக்கு வருது. அப்ப சூடும் உப்பும் சேந்து வரும்.


டர்பைன்தாத்தா

வரும். கழிமுகத்தில் விடுகிற இடத்தில் அதைச் செய்யவே கூடாது. முதலில் வாய்க்காலைக் கழிமுகத்திலிருந்து பிரித்து, குழாய் வழியாகக் கடலுக்குள், அலை உடையும் இடத்தைத் தாண்டி விட வேண்டும். அந்தக் குழாயின் செலவைத் திட்ட மதிப்பீட்டில் முதல் வரியாகப் போட வேண்டும். போடாமல் யாராவது "மலிவுத் தண்ணீர்" என்று கொண்டுவந்தால் நானே எதிர்த்து எழுதுகிறேன்.


இறால்பாடு

எழுதுங்க. கருத்துக்கேட்புக் கூட்டம் போட்டா தேதியும் இங்கயே போடுங்க, பையன் பாத்துச் சொல்லுவான்.